ரெகவரி வாரத்தின் களைப்பு: நெடுந்தூர ஓட்டக்காரரின் உடலும் ஜெபமும்

மூன்று வாரம் ஓடும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போய், உடல் தேறுவதற்கான ரெகவரி வாரமாக நான்காவது வாரம் குறைத்தால் உடம்பு லேசாகிவிடும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். நடப்பது வேறு. திங்கட்கிழமை பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை கால் கனக்கத் தொடங்குகிறது. புதனன்று மாடிப்படி ஏறவே தொடை மறுக்கிறது. வியாழனன்று மெதுவாக ஓடும் எட்டுக் கிலோமீட்டர்கூட முந்தின வார நீண்ட ஓட்டத்தைவிடப் பாரமாகத் தெரிகிறது. போன வாரம் 72 கிலோமீட்டர் ஓடிய அதே ஆள், இந்த வாரம் பாதி தூரத்தில் மூச்சு வாங்கியதும், பயிற்சியெல்லாம் வீணாகிவிட்டதோ என்று பயப்படுகிறார்.

அவர் விசுவாசியாகவும் இருந்தால் இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. ஜெபத்தில் உட்கார்ந்தால் தூக்கம். வேதத்தைத் திறந்தால் ஒரே வசனத்தை நான்கு முறை வாசித்தும் மனதில் நிற்பதில்லை. ஆராதனையில் பாடல் உதட்டோடு நின்றுவிடுகிறது. "என் ஆவிக்குரிய வாழ்க்கையும் சரிகிறதோ?" என்று தன்னையே விசாரிக்க ஆரம்பிக்கிறார். இரண்டு பயத்துக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மூன்று வாரமாகச் சேர்ந்த களைப்பு வெளியே வர இந்த வாரம்தான் இடம் கிடைத்திருக்கிறது. உடலின் களைப்பை உடலின் களைப்பாகவே நடத்த வேண்டும். அதைத் தகுதிக் குறைவு என்றோ விசுவாசக் குறைவு என்றோ படிக்கத் தொடங்கினால், வாரம் முழுவதும் தவறான மருந்தையே தேடிக்கொண்டிருப்போம்.

குறைத்த பிறகு ஏன் அதிகமாகக் களைக்கிறது

கடின வாரங்களில் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்கள் உடலை விழிப்பிலேயே வைத்திருக்கின்றன. அதிகாலை எழுந்து 24 கிலோமீட்டர் ஓடிவிட்டு வேலைக்கும் போக முடிவதற்கு அவை ஒரு காரணம். சுமை குறைந்ததும் அந்தத் தூண்டுதலும் தணிகிறது. அது மறைத்து வைத்திருந்த தூக்கக் கடனும் தசை வலியும் அப்போதுதான் நமக்குத் தெரியவருகின்றன.

அடுத்தது கிளைகோஜன். தொடர்ந்து ஓடும் வாரங்களில் தசையின் சர்க்கரைச் சேமிப்பு முழுதாக நிரம்புவதே இல்லை. தூரத்தைக் குறைத்து வழக்கம்போலச் சாப்பிட்டால் அது நிரம்புகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே 250 கிராம் நிரம்பினால் எடைக்கருவியில் ஒரு கிலோ கூடியிருக்கும். கால் உப்பினது போலவும் விறைப்பாகவும் தெரியும். இதைக் கொழுப்பு என்று நினைத்து சாப்பாட்டைக் குறைப்பவர்கள், வாரத்தின் பலனைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இந்த வாரம் எடைக்கருவியில் ஏறாமல் இருப்பது நல்லது.

எலும்பின் கணக்கு இன்னும் மெதுவானது. கூடுதல் சுமை வரும்போது எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுக்கிறது; அதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிறது. அந்த இடத்தைப் புதிய எலும்பால் நிரப்ப மூன்று மாதம் வரை ஆகலாம். அதாவது தூரத்தைக் கூட்டிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் எலும்பு சில இடங்களில் முன்பைவிட மெலிந்திருக்கிறது. இதயமும் நுரையீரலும் தயாராகிவிட்ட அதே நாட்களில் முன்னங்கால் எலும்பும் பாதத்து எலும்புகளும் தயாராகவில்லை. நான்காவது வாரத்தில் குறைக்கச் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. தசைநாண்களிலும் இதே போக்கு உண்டு: கடினமான ஓட்டத்துக்குப் பின் ஒன்றரை நாள் வரை அவற்றின் நார்ப்புரதமான கொலாஜன் சிதைவது அதிகம், உருவாவது குறைவு. இடைவெளி கொடுக்காமல் அடுத்த சுமையை ஏற்றினால் சிதைவின் மேல் சிதைவு சேரும்.

"ஒரு வாரம் குறைத்தால் ஃபிட்னஸ் போய்விடாதா?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். ஓட்டத்தை முழுதாக நிறுத்தினால்கூட ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் அளக்கக்கூடிய அளவு குறைய ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். ரெகவரி வாரத்தில் நாம் நிறுத்துவதே இல்லை, மூன்றில் இரண்டு பங்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சூரைச்செடியின் கீழ் எலியா

வேதத்தில் களைத்துப்போன ஓட்டக்காரர் ஒருவர் உண்டு. 1 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், எலியா தீர்க்கதரிசி தன் அரையைக் கட்டிக்கொண்டு ராஜாவாகிய ஆகாபின் ரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல் மட்டும் ஓடுகிறார். கர்மேல் மலைப் பக்கத்திலிருந்து அது சுமார் 25 முதல் 30 கிலோமீட்டர். அதுவும் எப்படிப்பட்ட நாளின் முடிவில்! காலையிலிருந்து பாகாலின் தீர்க்கதரிசிகளுக்கு எதிரே நின்றார். பன்னிரண்டு கற்களால் பலிபீடம் கட்டினார். சுற்றிலும் வாய்க்கால் வெட்டினார். மழைக்காக முகம் குனிந்து ஜெபித்தபடி ஊழியக்காரனை ஏழுதரம் போய்ப் பார்த்துவரச் சொன்னார். அதன்பிறகுதான் ஓட்டம். உடனே ஆகாபின் மனைவி யேசபேலின் மிரட்டல் வருகிறது; பெயெர்செபா வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தெற்கே போகிறார்; ஊழியக்காரனை அங்கே விட்டுவிட்டுத் தனியாக இன்னும் ஒருநாள் பயணம் வனாந்தரத்துக்குள் போகிறார். கடைசியில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார்.

தேவன் அவரிடம் எந்த வரிசையில் செயல்படுகிறார் என்று கவனியுங்கள். முதலில் தூக்கம். பிறகு தேவதூதன் தட்டி எழுப்ப, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். மறுபடியும் தூக்கம். மறுபடியும் சாப்பாடு. அதோடு ஒரு காரணமும் சொல்லப்படுகிறது: நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம். இவ்வளவு நேரமும் ஒரு கண்டிப்பு இல்லை, ஒரு கேள்வி இல்லை. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி நாற்பது நாளுக்குப் பின், ஓரேப் மலையில்தான் வருகிறது. சாக விரும்புகிறேன் என்று சொன்ன மனிதனிடம்கூட ஆண்டவர் முதலில் உடலைத்தான் கவனித்தார். ரெகவரி வாரத்தின் புதன்கிழமை நம் விசுவாசத்தை விசாரணைக் கூண்டில் ஏற்றத் துடிக்கும்போது, இந்த வரிசையை நினைத்துக்கொள்வது பெரிய உதவி. முதலில் தூங்குங்கள், சாப்பிடுங்கள், மறுபடி தூங்குங்கள். கேள்விகளைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வையுங்கள். பாதிக் கேள்விகள் அதற்குள் காணாமல் போயிருக்கும். மிச்சம் இருப்பவை உண்மையாகவே விசாரிக்க வேண்டியவை.

இன்னொன்றும் அந்தக் கதையில் இருக்கிறது. எலியா ஊழியக்காரனை விட்டுவிட்டுத் தனியே போனார். களைப்பு நம்மை முதலில் செய்ய வைப்பதும் அதுதான்: குழுவோடு ஓடுவதை நிறுத்துவோம், ஜெபக்கூட்டத்துக்கு வர முடியாது என்று செய்தி அனுப்புவோம். ஓரேபில் ஆண்டவர் எலியாவைத் திருப்பி அனுப்பும்போது எலிசாவைத் தன் இடத்தில் தீர்க்கதரிசியாக அபிஷேகம் பண்ணச் சொல்கிறார். அதன்பின் எலியா கூடவே ஓர் ஆள் இருந்தான். குழுவின் வேக ஓட்டத்துக்கு இந்த வாரம் போகாதீர்கள். ஆனால் ஓட்டம் முடிந்தபின் அவர்களோடு உட்கார்ந்து பேசுவதை விட்டுவிடாதீர்கள்.

எண்களோடு ஒரு வாரம்

மூன்று வாரம் 60, 66, 72 கிலோமீட்டர் என்று ஏறியிருந்தால், நான்காவது வாரம் 48 போதும். உச்ச வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிகிறது. 10 சதவீதம் மட்டும் குறைத்தால் உடம்புக்கு வித்தியாசமே தெரியாது. 20 முதல் 40 சதவீதம் வரை குறைப்பதுதான் வேலை செய்கிறது. வயது ஐம்பதைத் தாண்டியவர்களும், எலும்பு முறிவிலிருந்து திரும்புகிறவர்களும், வீட்டில் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் நான்காவது வாரம் வரை காத்திராமல் மூன்றாவது வாரத்திலேயே குறைப்பது நல்லது.

அந்த 48-ஐ நான் இப்படிப் பிரிப்பேன். திங்கள் 6, செவ்வாய் 9, புதன் முழு ஓய்வு, வியாழன் 10, வெள்ளி 8, சனி 15, ஞாயிறு முழு ஓய்வு. நீண்ட ஓட்டம் 24-லிருந்து 15-க்கு வருகிறது. ஓடும் நாட்களில் ஒன்றை மட்டும் குறைத்து, மிச்சத்தை ஒவ்வொரு ஓட்டத்தின் நீளத்திலும் வெட்டுகிறோம். நான்கைந்து நாள் படுத்திருந்துவிட்டு ஒரே நாளில் 20 ஓடுவது ரெகவரி ஆகாது. தசைக்கு அது அதிர்ச்சி.

வேகத்தை முழுதாக எடுத்துவிடக் கூடாது. இதை நிறையப் பேர் தவறாகச் செய்கிறார்கள். ஏழு நாளும் ஊர்ந்தே ஓடினால் தசையின் துள்ளல் போய், அந்தக் கனமான உணர்வு இன்னும் கூடுகிறது. செவ்வாய்க்கிழமை ஓட்டத்தின் கடைசியில் 20 விநாடி ஸ்ட்ரைட்ஸ் (வேகத்தை மெல்லக் கூட்டி ஓடும் குறுகிய ஓட்டம்) நான்கு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையே 60 முதல் 90 விநாடி நடை. முழு வேகம் வேண்டாம், ஒரு மைல் பந்தயத்தில் ஓடும் வேகம் போதும். வியாழக்கிழமை, முந்தின வாரம் த்ரெஷோல்ட் வேகத்தில் (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய கடின வேகம்) 1000 மீட்டர் ஆறு ஓடியிருந்தால் இந்த வாரம் மூன்று. வேகம் அதேதான், எண்ணிக்கை பாதி. மூன்றாவது முடிந்ததும் "இன்னும் ஒன்று போடலாம்" என்று தோன்றும் இடத்தில் நிறுத்துவதுதான் அன்றைய பயிற்சியின் கடினமான பகுதி.

மற்ற ஓட்டங்கள் எல்லாம் இலகுவானவை. வழக்கமான இலகு வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால் இந்த வாரம் 6:20 முதல் 6:40. உச்ச இதயத்துடிப்பில் 70 முதல் 75 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். வாட்ச் இல்லாமலே இதை அளக்க ஒரு வழி உண்டு: 23-ஆம் சங்கீதத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓடுங்கள். ஆறே வசனங்கள். முதல் வசனம் ஒரே மூச்சில் வர வேண்டும். மரண இருளின் பள்ளத்தாக்கைப் பற்றிய நான்காம் வசனம் நீளம். அதற்கு இரண்டு மூன்று மூச்சு ஆகலாம். சொல்லுக்கு நடுவே மூச்சு அறுந்தால் வேகம் அதிகம், உடனே குறையுங்கள். களைத்த வாரத்தில் இதயத்துடிப்புப் பட்டை சில சமயம் ஏமாற்றும். களைத்த உடலில் துடிப்பு ஏற மறுத்து, எண் குறைவாகவே காட்டும். கால் மட்டும் எரியும். சங்கீதம் அப்படி ஏமாற்றுவதில்லை. மனப்பாடமும் தானாக நடந்துவிடுகிறது.

கிழக்கத்திய திருச்சபைகளில் நூற்றாண்டுகளாகச் சொல்லிவரும் சிறு ஜெபம் ஒன்றும் இலகு ஓட்டத்துக்குப் பொருந்தும்: ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும். முதல் பாதி மூச்சை இழுக்கும்போது, இரண்டாம் பாதி விடும்போது, மனதுக்குள். வேகப் பயிற்சியில் இதை முயல வேண்டாம். மூச்சின் தாளம் கெட்டு இரண்டுமே பாழாகும்.

பளு தூக்கும் பயிற்சி வாரம் இரண்டு முறை என்றால் இந்த வாரம் ஒன்று. எடை அதேதான், செட் பாதி. புதிய உடற்பயிற்சி எதையும் இந்த வாரம் அறிமுகப்படுத்தாதீர்கள். பழகாத அசைவு தரும் வலி சில நாள் நீடிக்கும்; எது பழைய களைப்பு, எது புதிய வலி என்று பிரித்தறிய முடியாது. தசையை உருட்டித் தளர்த்தும் ஃபோம் ரோலர் கெண்டைக்காலுக்கும் தொடைக்கும் சேர்த்து எட்டு நிமிடம் போதும். ஆழமான மசாஜ் வேண்டுமென்றால் திங்களன்று.

கெட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் ஓட்டத்துக்கு வெளியேதான் இருக்கின்றன. ஓடாத நாளில் சைக்கிளில் இரண்டு மணி நேரம் சுற்றுவது, தள்ளிப்போட்ட வீட்டு வேலைகளையெல்லாம் ஒரே நாளில் இழுத்துப் போட்டுச் செய்வது, காலையில் ஓட்டம் குறைவுதானே என்று நள்ளிரவு வரை விழித்திருப்பது. ஓட்டச் செயலியில் நண்பர்களின் நீண்ட ஓட்டங்களைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை மெதுவோட்டத்தைப் பந்தயமாக்குவதும் இதில் சேரும். அந்தச் செயலியை ஏழு நாள் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுவது சிறிய காரியம்தான். ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவுவதாக நினைக்கிறேன்.

வலிக்கு வசனம் தேடுவது

இரண்டு வசனங்களை ஓட்டக்காரர்கள் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். முதலாவது 1 கொரிந்தியர் 9:27: பவுல் தன் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துகிறேன் என்கிறார். கொரிந்துக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. வென்றவருக்கு வாடிப்போகும் இலைக் கிரீடம். வாசகர்களுக்குத் தெரிந்த காட்சியைத்தான் பவுல் எடுத்துக்கொள்கிறார். ஆனால் அந்த அதிகாரம் முழுவதும் பேசுவது, சுவிசேஷத்துக்காகத் தன் உரிமைகளை விட்டுக்கொடுப்பதைப் பற்றி. முன்னங்கால் எலும்பில் விரல்நுனி அகலத்துக்கு வலிக்கும்போது அதன்மேல் ஓடச் சொல்லும் கட்டளை அங்கே இல்லை. களைத்த வாரத்தில் உரிமையை விட்டுக்கொடுப்பது என்றால், "இன்றைக்கு 18 ஓட எனக்குத் தெம்பு இருக்கிறது" என்ற பெருமையை விட்டுக்கொடுப்பது. பல ஓட்டக்காரர்களுக்குச் சரீரத்தை ஒடுக்குவதைவிட அது கடினம்.

இரண்டாவது ஏசாயா 40:31, ஓடினாலும் இளைப்படையார்கள் என்ற வாக்கு. டி-ஷர்ட்டிலும் தண்ணீர் பாட்டிலிலும் அச்சடிக்கப்படும் வசனம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அச்சடிப்பதில்லை: இளைஞரும் இளைப்படைந்து சோர்ந்துபோவார்கள் என்கிறது அது. பாபிலோன் சிறையிருப்பில் நம்பிக்கை இழந்த ஜனத்துக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் இது. கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களுக்குப் புதுப்பெலன் கிடைக்கும் என்பதில் காத்திருப்பதும் இருக்கிறது. வியாழக்கிழமை கால் கனத்தால் வாக்குத்தத்தம் பொய்த்துவிட்டதாகவோ, விசுவாசம் போதவில்லை என்றோ எடுத்துக்கொள்ள அந்த வசனத்தில் இடமில்லை.

ஓய்வைப் பற்றி நேரடியாகப் பேசும் ஒரு வசனத்தை இவற்றின் பக்கத்தில் வைக்கலாம். யாத்திராகமம் 34:21, ஏழாம் நாளில் ஓய்ந்திரு என்று சொல்லிவிட்டு, விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட என்று சேர்க்கிறது. விவசாயிக்கு ஒரு நாளைக்கூட விட மனம் வராத காலங்கள் அவை இரண்டும்தான். மாரத்தானுக்கு எட்டு வாரம் இருக்கும்போது ரெகவரி வாரத்தைத் தாண்டிக் குதித்துவிடலாம் என்று தோன்றுவது அதே மனம்தான்.

சாப்பாடும் உபவாசமும்

தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலும் சாப்பாட்டை அதே அளவுக்குக் குறைக்கக் கூடாது. பழுது பார்க்கும் வேலைக்கும் எரிபொருள் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்குப் புரதம் கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் நாளைக்கு 96 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 24. மாவுச்சத்து கிலோவுக்கு 5 கிராம் வீதம் 300 கிராம். பசி இந்த வாரம் முந்தின வாரத்தைவிட அதிகமாக இருந்தால் அது இயல்பு. கடினமான ஓட்டம் சில மணி நேரத்துக்குப் பசியை அடக்கிவிடும், அந்த அடக்கம் இப்போது இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான லெந்து காலத்தில் ரெகவரி வாரம் வந்தால் ஒரு சிக்கல். ஓட்டம் குறைவாக இருக்கும் வாரம்தானே, இதிலேயே உபவாசத்தை வைத்துக்கொள்ளலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். நான் அதற்கு எதிர். உடல் கட்டிக்கொண்டிருக்கும் வாரத்தில் கட்டுவதற்கான பொருளை நிறுத்துகிறோம். உபவாசிக்கத்தான் வேண்டும் என்று மனதில் தீர்மானமானால் புதன்கிழமை, ஓட்டம் இல்லாத நாளில், ஒரு வேளையை மட்டும் விடுங்கள், தண்ணீரை விடாதீர்கள், முடிக்கும்போது மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த முழு உணவாக முடியுங்கள், வியாழக்கிழமை வேகப் பயிற்சியை வெள்ளிக்குத் தள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும், முன்பு உணவுப் பழக்கக் கோளாறு இருந்தவர்களும் சாப்பாட்டை விட வேண்டாம். ஓட்டக்காரர்களிடையே அந்தக் கோளாறு அரிதல்ல. உபவாசம் என்ற நல்ல பெயருக்குள் அது எளிதாக ஒளிந்துகொள்ளும். எடை குறைய வேண்டும் என்ற எண்ணம் ஓரத்திலாவது இருந்தால், அந்த முறை உபவாசத்தை வேறொன்றின் மேல் வையுங்கள்: கைப்பேசி, செயலி, வாட்ச்.

மிச்சமான நேரம்

72-லிருந்து 48-க்கு வந்தால் 24 கிலோமீட்டர் மிச்சம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் என்றால் வாரத்துக்கு 2 மணி 24 நிமிடம். பக்தியுள்ள ஓட்டக்காரர் உடனே அதை ஜெப அட்டவணையால் நிரப்பப் பார்ப்பார்: காலை ஐந்து மணிக்கு ஒரு மணி நேரம், இத்தனை அதிகாரம், இத்தனை பெயர்கள். கடினப் பயிற்சியின் அதே மனநிலை இடம் மாறி வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் பெரும்பகுதியைத் தூக்கத்துக்குக் கொடுங்கள். இரவு 30 நிமிடம் முன்னதாகப் படுத்தால் வாரத்துக்கு மூன்றரை மணி நேரம் கூடுகிறது. காலை அலாரத்தை மட்டும் தள்ளி வைப்பதைவிட இரவு முன்கூட்டிப் படுப்பது நல்லது. எழும் நேரம் மாறாமல் இருந்தால் உடலின் கடிகாரம் குழம்பாது. மதியத்துக்குப் பின் காபி வேண்டாம். தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்று 127-ஆம் சங்கீதம் சொல்வதை, அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது விருதா என்று தொடங்கும் அதே வசனத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

ஜெபத்துக்கு இந்த வாரம் பத்து நிமிடம் போதும், ஆனால் சரியான பத்து நிமிடம். ஓடி முடித்துக் குளித்த உடனேயும் படுக்கையில் படுத்தபடியும் ஜெபித்தால் தூக்கம் நிச்சயம். காலைச் சாப்பாட்டுக்குப் பின், முதுகு நிமிர்ந்த நாற்காலியில், பாதம் தரையில் பட உட்காருங்கள். சொந்த வார்த்தை வராவிட்டால் கடன் வாங்குங்கள், சங்கீதங்கள் அதற்குத்தான். 13-ஆம் சங்கீதம் ஆறு வசனம், எதுவரைக்கும் என்று நான்கு முறை கேட்கிறது. 6-ஆம் சங்கீதம், பெருமூச்சினால் இளைத்துப்போனேன் என்கிறது. களைத்தவனின் வாயில் உற்சாகப் பாடலைத் திணிப்பதைவிட இவை நேர்மையானவை. வாசித்து முடித்து ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதுவும் ஜெபம்தான்.

மாற்கு 6:31-ல் இயேசு சீஷர்களைத் தனித்து இளைப்பாற அழைக்கிறார். போஜனம் பண்ணவும் சமயம் இல்லாதிருந்தது என்று காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. படகில் போய் இறங்கினால் கூட்டம் அவர்களுக்கு முன்பே அங்கே நிற்கிறது. ஓய்வு தடைபட்டது. நம் வாரமும் பல முறை அப்படித்தான்: குழந்தைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் அவசரம், சபையில் ஓர் இறுதிச் சடங்கு. அப்படிப்பட்ட வாரத்தை ரெகவரி வாரமாகக் கணக்கில் எழுதாதீர்கள். தூரம் 48 ஆக இருந்தாலும் உடல் ஓய்வெடுக்கவில்லை. அடுத்த வாரமும் குறைவாகவே ஓடுங்கள்.

ஞாயிறு ஓட்டத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள் ஒரே கருத்து கிடையாது. நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் அதை விட்டார். ஜூலை 11 அன்று 400 மீட்டரை 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். அட்டவணை பல மாதம் முன்பே தெரிந்திருந்தது; முடிவும் முன்பே எடுக்கப்பட்டது; அந்த மாதங்களில் அவர் 400-க்குப் பயிற்சி செய்தார். நெடுந்தூர ஓட்டக்காரர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முடிவின் நேரத்தை. ஓய்வு நாளைப் பயிற்சித் திட்டம் எழுதும் அன்றே குறித்துவிட வேண்டும். அந்த நாள் காலையில், கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுத்தால், கால் நன்றாக இருந்தால் ஓடிவிடுவோம். மோசமாக இருந்தால் பயத்தில் ஓடிப் பார்ப்போம்.

இது வெறும் களைப்பு அல்ல என்றால்

சாதாரண ரெகவரிக் களைப்பு வாரத்தின் நடுவில் உச்சத்துக்குப் போய், சனிக்கிழமைக்குள் பெரும்பாலும் தளர்ந்துவிடும். பசி இருக்கும், தூக்கம் வரும், வலி இரண்டு காலிலும் பரவலாக இருக்கும். வேறு மாதிரி இருந்தால் கவனியுங்கள். எழுந்திருக்கும் முன் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுங்கள். உங்கள் வழக்கமான சராசரியைவிட 5-க்கு மேல் கூடுதலாக மூன்று காலை தொடர்ந்தால் வியாழன் பயிற்சியை விட்டுவிடுங்கள். களைத்தும் தூக்கம் வராதது, பசி செத்துப்போனது, எல்லோர் மேலும் எரிச்சல்: இவை சேர்ந்து வந்தால் ஒரு வாரம் போதாது. ஒரு விரலால் தொட்டுக்காட்டக்கூடிய எலும்பு வலி, இரவில் படுத்திருக்கும்போதும் வலிப்பது, இவற்றுக்கு ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு ஒருபோதும் ஓடாதீர்கள். வைரஸ் தொற்று இதயத் தசையைத் தாக்கியிருந்தால் ஓட்டம் உயிருக்கு ஆபத்து. பெண்களுக்கு மூன்று மாதம் மாதவிடாய் நின்றிருந்தால், அது பயிற்சியின் பெருமைக்குரிய அடையாளம் அல்ல; உடலுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கான எச்சரிக்கை. இரண்டு வாரம் இலகுவாக ஓடியும் தேறவில்லை என்றால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, வைட்டமின் டி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பரிசோதிக்காமல் இரும்புச்சத்து மாத்திரை எடுக்க வேண்டாம். உடலில் இரும்பு அதிகமாவதும் தீங்குதான்.

எதிலும் மகிழ்ச்சியில்லாத நிலை வாரக்கணக்கில் நீடித்தாலும், எலியாவைப் போல உயிர் வேண்டாம் என்று தோன்றினாலும், போதகரிடம் மட்டும் பேசிவிட்டு நின்றுவிடாதீர்கள். மருத்துவரிடமும் பேசுங்கள், அன்றே பேசுங்கள். அது விசுவாசத்துக்கு எதிரானது அல்ல.

ஐந்தாவது வாரம்

48-லிருந்து நேராக 80-க்குத் தாவ வேண்டாம். 68 முதல் 72-க்குள் வையுங்கள்; உச்சத்தை அதற்கடுத்த வாரம் கூட்டலாம். திங்களன்று வழக்கமான பாதையில், வழக்கமான இலகு வேகத்தில் 8 கிலோமீட்டர் ஓடி, சராசரி இதயத்துடிப்பை மூன்றாவது வாரத்தின் அதே ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள். வெயிலும் நேரமும் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீட்டுக்கு அர்த்தமில்லை. 3 முதல் 5 துடிப்பு குறைந்திருந்தால் உடல் சுமையை உள்வாங்கிவிட்டது. புதன்கிழமை வேகப் பயிற்சிக்குப் போகலாம். கூடியிருந்தால் 60 கிலோமீட்டர் வாரம் ஒன்றை இடையில் சேருங்கள், வேகம் இல்லாமல்.

2 மணி 24 நிமிடம் மறுபடி ஓட்டத்துக்குப் போய்விடும். ரெகவரி வாரத்தில் பழகிய எல்லாவற்றையும் தக்கவைக்க முடியாது. இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 30 நிமிடம் முன்னதாகப் படுப்பது ஒன்று. மற்றொன்று, ஒவ்வொரு இலகு ஓட்டத்தின் முதல் இரண்டு கிலோமீட்டருக்குச் சங்கீதம். 23 மனப்பாடம் ஆகிவிட்டால் அடுத்து 121-ஐ எடுங்கள், எட்டு வசனம்தான். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள் இரவு இரண்டு முறை வாசித்து வைத்துக்கொண்டால் காலையில் தானாக வரும்.